திருகோணமலையில் உறுதி வருமான முன்னோடித் திட்டம்: காசு எங்கிருந்து வரும், எப்படி நிலைக்கும்?

ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு தொகையை, எந்த நிபந்தனையும் போடாமல், சொன்ன காலம் முழுவதும் தவறாமல் கொடுப்பதுதான் உறுதி வருமானம். இதை எங்கள் மாவட்டத்தில் ஒரு சிறிய அளவில் செய்து பார்க்கலாமா என்று மூதூர், கிண்ணியா, உப்புவெளி, வெருகல் பக்கங்களில் பலரோடு பேசி வருகிறோம். கூட்டத்துக்குள் பேசாதவர்கள்கூட, முடிந்து செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து கேட்பது பெரும்பாலும் காசைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளும், எங்களால் சொல்ல முடிந்த பதில்களும் கீழே.

இது அஸ்வெசும மாதிரித்தானே? புதிதாக ஒன்று எதற்கு?

அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு 2023 ஜூலையில் பழைய சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்தது. 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். தொடங்கும்போது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று நான்கு தொகைகள். பெரிய திட்டம், தேவையான திட்டம். ஆனால் வீட்டுச் சுவர் கல்லா தகரமா, மின்கட்டணம் எவ்வளவு, வாகனம் இருக்கிறதா என்று பார்க்கும் முறையில் பலர் வெளியே நின்றுவிட்டார்கள். மேன்முறையீடுகள் நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் வந்தன. இன்னொன்று, வீட்டில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் பெயர் வெட்டுப்படுமோ என்ற பயம் எப்போதும் இருக்கிறது.

உறுதி வருமானத்தில் அந்தப் பயம் இல்லை. தெரிவான குடும்பத்துக்கு இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். நடுவில் கோழி வளர்த்து நாலு காசு சம்பாதித்தால் யாரும் வந்து நிறுத்தப் போவதில்லை. அஸ்வெசுமவோடு போட்டி போடுவது எங்கள் எண்ணம் இல்லை. பெயர் வெட்டுப்படும் பயத்தை எடுத்துவிட்டால் ஒரு குடும்பம் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இது.

எவ்வளவு காசு வேண்டும்?

சும்மா ஒரு கணக்குப் போடலாம். 100 குடும்பங்கள், மாதம் 10,000 ரூபாய், 24 மாதங்கள். கொடுப்பனவு மட்டும் 2 கோடி 40 இலட்சம். இரண்டு களப் பணியாளர், கணக்கெழுதுபவர், வங்கிச் செலவு, வருடாந்தக் கணக்காய்வு என்று நூற்றுக்குப் பதினைந்து வைத்தால் இன்னும் 36 இலட்சம். அப்புறம் மூன்று மாதக் கொடுப்பனவு எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும், அது 30 இலட்சம். மொத்தம் 3 கோடி 6 இலட்சம்.

50 குடும்பங்களோடு தொடங்கினால் பாதிக் காசு போதும் என்று நினைக்க வேண்டாம். கொடுப்பனவு பாதியாகும், நடத்தும் செலவு பாதியாகாது. கணக்காய்வாளர் 50 பேருக்கும் 100 பேருக்கும் ஏறக்குறைய ஒரே தொகைதான் கேட்பார்.

முழுக் காசும் கையில் வந்த பிறகுதான் தொடங்க வேண்டுமா? ஆறு மாதக் காசோடு தொடங்கி, நடக்க நடக்கத் தேட முடியாதா?

முடியாது என்றுதான் சொல்வேன். இந்த ஒரு விடயத்தில் எங்கள் குழுவுக்குள் எவ்வளவு வாதம் வந்தாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்பு வெருகல் பக்கம் ஒரு கொடுப்பனவுத் திட்டத்தில் களப் பணியாளராக இருந்தேன். ஒரு வருடத்துக்கு மாதாமாதம் காசு என்று சொல்லித்தான் தொடங்கினோம். நிதி கொடுத்தவர்கள் தங்கள் முன்னுரிமை மாறிவிட்டது என்று ஏழாவது மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். எட்டாவது மாதம் ஓர் அக்கா வங்கிப் புத்தகத்தை பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். ஏழு வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன, அதற்குக் கீழே வெள்ளை. "தம்பி, மெஷினில அடிக்க மறந்துட்டாங்களோ?" என்று கேட்டார். அந்தக் காசை நம்பி மகனை நகரத்தில் ஒரு கணக்கு வகுப்பில் சேர்த்திருந்தார், பஸ் பாஸும் எடுத்திருந்தார். நாங்கள் வராமலே இருந்திருந்தால் அந்த வகுப்பில் சேர்த்தே இருக்க மாட்டார். பாதியில் நிறுத்தியபோது, சேர்த்த பிள்ளையைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

உறுதி வருமானத்தில் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேருவது பத்தாயிரம் ரூபாய் மட்டும் இல்லை, அடுத்த மாதமும் வரும் என்ற நிச்சயமும்தான். காசு குறைந்தால் குடும்ப எண்ணிக்கையைக் குறைக்கலாம், காலத்தைக் குறைக்கக் கூடாது. 100 குடும்பத்துக்கு ஒரு வருடம் என்பதைவிட 50 குடும்பத்துக்கு இரண்டு வருடம் நல்லது. முதல் கொடுப்பனவு போகும் நாளில் கடைசிக் கொடுப்பனவுக்கான காசும் வங்கியில் இருக்க வேண்டும், அல்லது கையொப்பமிட்ட உடன்படிக்கையில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சில் இருக்கும் காசைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிநாடுகளில் இதற்கெல்லாம் யார் காசு கொடுத்தார்கள்?

பல வழிகள் உண்டு. எங்களுக்கு எல்லாம் பொருந்தாது, ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரம் 2012இல் வங்குரோத்து அடைந்த நகரம். 2019 பெப்ரவரியில் அங்கே 125 பேருக்கு மாதம் 500 டொலர் கொடுக்கத் தொடங்கி, 24 மாதங்கள் கொடுத்தார்கள். நகர முதல்வர் மைக்கேல் டப்ஸ் முன்னின்றார், ஆனால் நகரசபை வரிப்பணம் இல்லை. ஒரு தனியார் அறநிறுவனம் கொடுத்த 10 இலட்சம் டொலரோடு தொடங்கி, மற்றத் தனியார் கொடையும் சேர்ந்தது. சபையில் வாக்கெடுத்துக் காசு ஒதுக்க வேண்டிய சண்டை இல்லாததால் விரைவாகத் தொடங்க முடிந்தது. அதே காரணத்தால்தான் கொடை முடிந்ததும் திட்டமும் முடிந்தது.

இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012 காலத்தில் சேவா என்ற பெண்கள் தொழிற்சங்கம் யுனிசெவ் நிதியோடு கிராமங்களில் நடத்தியது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100. ஒரு வருடம் போனதும் 300, 150 என்று கூட்டினார்கள். வெளியிலிருந்து வந்த நிதி என்றாலும், ஊருக்குள் ஏற்கெனவே வேர் விட்டிருந்த ஒரு சங்கம் நடத்தியதால் ஆட்கள் நம்பினார்கள். எங்களுக்கு மிகக் கிட்டிய பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கென்யாவில் கிவ்டிரெக்ட்லி அமைப்பு உலகெங்கும் தனியாரிடம் திரட்டிய நன்கொடையில் சில கிராமங்களுக்கு 12 வருடம் கொடுப்பதாக உறுதி சொல்லியிருக்கிறது. நமீபியாவின் ஒட்ஜிவேரோவில் 2008, 2009இல் தேவாலயங்கள் உள்ளிட்ட கூட்டணி ஒன்று காசு திரட்டி ஆளுக்கு மாதம் 100 நமீபிய டொலர் கொடுத்தது. சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டி, கொவிட் காலத்து மத்திய அரசு நிதியில் 4 கோடி 20 இலட்சம் டொலர் எடுத்து 3,250 குடும்பங்களுக்கு இரண்டு வருடம் மாதம் 500 டொலர் கொடுத்தது. அது முடிந்த பிறகு 2025ஆம் ஆண்டுப் பாதீட்டில் சொந்தக் காசாக 75 இலட்சம் டொலர் ஒதுக்கியது. முன்பைவிடச் சிறிய தொகைதான். ஆனால் ஒரு முன்னோடித் திட்டம் ஆண்டுப் பாதீட்டின் ஒரு வரியாக மாறியது அங்கே நடந்தது. நாங்கள் போக வேண்டிய திசை அது.

எங்கள் ஆட்கள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களால் முடியாதா?

முடியும். ஆனால் முறையை மாற்ற வேண்டும்.

ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் காசு சேர்க்கும் விதம் எங்களுக்குத் தெரியும். இராப்போசன விருந்து, ஒரே நாளில் ஒரு தொகை, அதை வைத்து ஒரு கட்டடம், கட்டடத்தில் ஒரு கல்வெட்டு. மாதாமாதம் போய்விடும் காசுக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆகவே கேட்கும் விதத்தையே மாற்றினோம். ஒரு பிரித்தானியப் பவுண் ஏறத்தாழ 400 ரூபாய் என்று வைத்தால், 25 பவுண் ஒரு குடும்பத்தின் ஒரு மாதம். வங்கியில் நிலையான கட்டளை போட்டு 24 மாதம் 25 பவுண் தருகிற ஒருவர் ஒரு குடும்பத்தைச் சுமக்கிறார். நூறு பேர் அப்படிச் சேர்ந்தால் கொடுப்பனவு முழுவதும் நிறைந்துவிடும். ஐவர் சேர்ந்து ஆளுக்கு 5 பவுணும் போடலாம். சீட்டுக் கட்டிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை.

நடுவில் சிலர் நிறுத்துவார்கள், வேலை போகும், வீடு மாறும். அதற்காகத்தான் மூன்று மாதக் கையிருப்பு. நூறு குடும்பத்துக்கு நூற்றுப் பதினைந்து பேரைச் சேர்ப்பது பாதுகாப்பு.

"நான் தருகிற காசு என் ஊர் ஆளுக்கே போக வேண்டும்" என்பார்கள் சிலர். அந்த ஆசை புரிகிறது, 2006இல் சம்பூரை விட்டுப் போய் வருடக்கணக்கில் முகாம்களில் இருந்தவர்களின் உறவினர் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் ஒரு கொடையாளிக்கு ஒரு குடும்பம் என்று பெயர் சொல்லிக் கட்டிவிட்டால் அது தயவாகிவிடும். வாங்குகிறவர் ஒவ்வொரு மாதமும் நன்றி சொல்ல வேண்டி வரும். எல்லாக் காசும் ஒரே கணக்கில் விழும், அங்கிருந்து எல்லோருக்கும் போகும். பெயர் பரிமாறுவதில்லை.

ஸகாத் நிதியைப் பயன்படுத்தலாமா? கோயில் காசு?

கிண்ணியாவிலும் மூதூரிலும் இதுதான் முதல் கேள்வி. ஸகாத் என்ற இஸ்லாமியக் கட்டாயக் கொடை யாருக்குப் போக வேண்டும் என்று எட்டு வகையினர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள், ஆகவே அதைப் பொதுக் கணக்கில் கலக்க முடியாது. தனிக் கணக்கு, தனிப் பேரேடு, அந்த வகைக்குள் வருகிற குடும்பங்களுக்கு மட்டும். எங்கள் திட்டத்தில் காசு முழு உரிமையோடு கைக்குப் போகிறது, இன்னதைத்தான் வாங்கு என்று யாரும் சொல்வதில்லை. வாங்குகிறவருக்கு அதன் மேல் முழு உரிமை வர வேண்டும் என்று வலியுறுத்தும் ஆலிம்களோடு பேசும்போது இது பொருந்தி வருகிறது. ரமழானில் மொத்தமாகச் சேர்வதைப் பன்னிரண்டு மாதமாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்பதை மட்டும் உங்கள் பள்ளிவாசல் ஆலிம்களிடம் முதலிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில்களைப் பொறுத்தவரை நேரே உண்டியல் காசைக் கேட்பது சரிவராது, பரிபாலன சபைக்கும் அது சிக்கல். அன்னதானத்துக்கு என்று வருடம் ஒரு நாள் உபயம் செய்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களில் சிலர் "ஒரு மாத உபயம்" என்று ஒரு குடும்பத்தின் கொடுப்பனவை ஏற்க முன்வருகிறார்கள். சொல் பழகியது என்பதால் விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

துறைமுகம் இருக்கிறது, எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, மாவு ஆலை இருக்கிறது. அந்த வளத்திலிருந்து ஊருக்கு ஒரு பங்கு கேட்க முடியாதா?

கேட்க வேண்டும். உலகில் நீண்ட காலம் நிலைத்த திட்டங்களைப் பாருங்கள், அவற்றின் பின்னால் வளத்தில் பங்கு இருக்கிறது. அலாஸ்கா 1976இல் தன் எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை நிரந்தர நிதியாக ஒதுக்கியது. 1982 முதல் அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் வருடம் ஒருமுறை பங்கு போகிறது. பிரேசிலின் மரிக்கா நகரம் கடலடி எண்ணெய்க்குக் கிடைக்கும் உரிமத் தொகையிலிருந்து, மும்புகா என்ற உள்ளூர் நாணயத்தில் 40,000க்கும் மேற்பட்டோருக்கு மாதக் கொடுப்பனவு தருகிறது. அந்த நாணயம் அந்த நகரக் கடைகளில்தான் செல்லும், ஆகவே காசு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

எங்கள் நிலை வேறு. துறைமுகம் துறைமுக அதிகார சபையின் கீழ். சீனக்குடாவின் 99 தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் வந்த உடன்படிக்கையில் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரிந்தன. புறாமலைக்குப் படகேறும் சுற்றுலாப் பயணி கட்டும் நுழைவுக் கட்டணம் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. இதில் எதிலும் மாவட்டத்துக்கென்று சட்டப்படி ஒரு பங்கு எழுதப்படவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பிறகு ஆளுநரின் நிர்வாகம்தான். கேட்பதற்குத் தெரிவு செய்யப்பட்ட மாகாணக் குரல் இல்லாத காலம் இது.

ஆகவே இரண்டு வருட முன்னோடித் திட்டத்துக்கு இதை நம்பி இருக்க முடியாது. ஆனால் கோரிக்கையாக இன்றே எழுதி வைக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாடைக் காற்றில் மூன்று மாதம் வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு, தன் கண்முன்னே போகிற கப்பலில் ஒரு சதமும் உரிமை இல்லை என்பது எனக்கு இன்னும் ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்று.

பிரதேச சபை, நகர ஆட்சி மன்றம் காசு ஒதுக்குமா?

பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். சோலை வரி, சந்தைக் கடை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வையிலிருந்து வரும் பங்கு, இவைதான் சபைகளின் வருமானம். அதில் குப்பை வண்டிக்கும் தெரு விளக்குக்கும் போன மிச்சம் கொஞ்சம்தான். ஆளுக்குக் காசு கொடுக்கும் தலைப்பு சபைக்குச் சட்டப்படி இருக்கிறதா என்ற கேள்வியும் வரும். அதை உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடத்தும் செலவைச் சபை ஏற்கலாம்: ஒரு அறை, ஒரு மேசை, கூட்ட மண்டபம், ஒரு உத்தியோகத்தரின் நேரம். அது சிறிதாகத் தெரிந்தாலும், சபைத் தீர்மானப் புத்தகத்தில் திட்டத்தின் பெயர் ஏறிவிடும். 2025 மே தேர்தலில் வந்த உறுப்பினர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒரு பெரிய தொகையை வங்கியில் போட்டு, வட்டியில் நடத்தலாமே?

கணக்கைப் பாருங்கள். 100 குடும்பத்துக்கு வருடம் 1 கோடி 20 இலட்சம் வேண்டும். வட்டி நூற்றுக்கு 8 என்றால் 15 கோடி முதல் வேண்டும். அந்த 15 கோடி கையில் இருந்தால், வருடம் 1 கோடி 20 இலட்சம்படி பன்னிரண்டு வருடம் நேரடியாகவே கொடுத்துவிடலாம்! வட்டியும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2022 கடைசியில் நிலையான வைப்புக்கு 20க்கு மேல் கொடுத்த நாடு, இரண்டு வருடத்துக்குள் பத்துக்குக் கீழே இறங்கியது. முஸ்லிம் கொடையாளிகள் வட்டியை ஏற்கவும் மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த வழி, வாடகை வரும் சொத்து. கோயில் காணிக் குத்தகையும் வக்பு சொத்தும் தலைமுறை தலைமுறையாக இந்த மாவட்டத்தில் எத்தனையோ அறங்களை நடத்தி வந்திருக்கின்றன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடை, அல்லது மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ஐஸ் ஆலை. விலைவாசி ஏறினால் வாடகையும் ஏறும். ஆனால் இது பத்து வருட வேலை. முதல் இரண்டு வருடத்துக்கான காசை எடுத்துச் சொத்தில் போட்டு முடக்க வேண்டாம்.

இந்தக் காசு வந்தால் அஸ்வெசும வெட்டுப்படாதா?

இதுதான் பயனாளிகளின் முதல் கவலை, நியாயமான கவலை. வங்கிக் கணக்கில் மாதம் பத்தாயிரம் விழுந்தால் அடுத்த மீளாய்வில் வருமானமாக எடுக்கப்படலாம். ஆகவே தொடங்கும் முன்பே பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர் ஊடாக நலன்புரி நன்மைகள் சபைக்கு எழுதி, இதை வருமானமாகக் கணக்கிட வேண்டாம் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வர நாள் எடுக்கும். கிடைக்காவிட்டால் ஸ்டொக்டனில் செய்ததைச் செய்யலாம்: இந்தக் காசால் யாராவது வேறு உதவியை இழந்தால் ஈடுசெய்ய ஒரு தனி நிதி வைத்திருந்தார்கள். 100 குடும்பத் திட்டத்துக்கு அப்படி ஓர் ஈட்டு நிதி இல்லாமல் நான் கையொப்பமிட மாட்டேன். ஒருவருக்கு அஸ்வெசுமவைப் பறித்துக்கொடுத்து அதே காசை நாங்கள் கொடுத்தால், அரசாங்கத்துக்குத்தான் நன்கொடை கொடுத்ததாகும்.

யாரைத் தெரிவு செய்வது? மூன்று சமூகமும் இருக்கிற மாவட்டம். சண்டை வராதா?

வரும், ஒளித்துச் செய்தால்.

பட்டியலை ஒரு உத்தியோகத்தரோ சங்கத் தலைவரோ எழுதினால், அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் கதை கிளம்பும். சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்த காலத்தில் பட்ட பாட்டை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஆகவே தகுதி என்னவென்று மூன்று மொழியிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் ஒட்டுவோம். தகுதியுள்ளவர்கள் தாங்களே பெயர் கொடுப்பார்கள். பிறகு பாடசாலை மண்டபத்தில் பட்டப்பகலில் குலுக்கல். பெட்டியில் கை வைப்பது அந்த ஊர்ப் பிள்ளைகள்.

இடத்தைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் அருகருகே இருக்கும் ஒரு பகுதியை முழுதாக எடுப்பது நல்லது. ஒரு சமூகத்தின் காசில் அந்தச் சமூகத்துக்கு மட்டும் என்று தொடங்கினால், பிறகு எந்தச் சபையும் எந்த அமைச்சும் இதைத் தன் திட்டமாக எடுக்காது.

குடித்து அழித்துவிட மாட்டார்களா?

ஸ்டொக்டனில் செலவைப் பதிந்து பார்த்தபோது மதுவுக்கும் புகையிலைக்கும் போனது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதிகம் போனது சாப்பாட்டுக்கு. முழுநேர வேலையில் இருந்தவர்கள் முதல் வருடத்தில் நூற்றுக்கு 28இல் இருந்து 40 ஆனார்கள். காசு கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவிலும் கூடியது, ஆனால் 32இல் இருந்து 37 வரைதான்.

ஊரில் காசு எந்தக் கணக்கில் விழுகிறது என்பது முக்கியம். பெண்ணின் பெயரில் உள்ள கணக்கில் போடுவதையே நாங்கள் விரும்புகிறோம்.

வந்த காசை லோன்காரர் வாங்கிக்கொண்டு போனால்?

இது உண்மையான ஆபத்து. நுண்கடன் கம்பனிக்குத் தவணை கட்டும் கிழமைக் கட்டு நாளில் ஒரு வளவுக்குள் போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து பெண்கள் பாயில் இருப்பார்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சின்ன அட்டை. கம்பனிப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழும்ப முடியாது. நான் பார்த்த ஒரு நாள், கொண்டு வராத பெண் காதிலிருந்த தோட்டைக் கழற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தார், அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டினார்.

இந்தக் கடன்களின் கொடுமையைக் கண்டுதான் 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளுக்கு நிவாரணம் அறிவித்தது. பிறகும் கம்பனிகள் வருகின்றன. ஆகவே கொடுப்பனவு விழும் திகதியையும் பயனாளிகள் பெயரையும் வெளியே சொல்வதில்லை. குலுக்கலில் எண் மட்டும் வாசிக்கப்படும். காசு எதற்கு என்பது அவரவர் முடிவு. கடனைக் கட்டி முடித்துத் தலை நிமிர்ந்தால் அதுவும் நல்ல செலவுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இரண்டு வருடத்தில் விலைவாசி ஏறினால் பத்தாயிரம் என்னாவது?

2022 செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐத் தொட்டதை நாங்கள் பார்த்தவர்கள். அந்த வேகத்தில் தொகை கைக்குள்ளேயே கரைந்துவிடும். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் மாவட்ட வாரியாக வறுமைக் கோட்டை மாதாமாதம் வெளியிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருகோணமலைக் கோட்டைப் பார்த்து, ஏறியிருந்தால் கூட்டுவது என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். புலம்பெயர்ந்தவர்களிடம் ரூபாயில் உறுதி வாங்காமல் பவுணில், டொலரில் வாங்குவதும் ஒரு பாதுகாப்பு. 2022இல் ரூபாய் விழுந்தபோது, வெளிநாட்டுக் காசில் உறுதி வாங்கியிருந்தவர்களால் நிவாரணப் பொதிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் கொடுக்க முடிந்தது.

ஆய்வுக்கு ஏன் காசு? அதையும் ஆட்களுக்கே கொடுக்கலாமே?

கனடாவின் டோபின் நகரத்தில் 1974 முதல் 1979 வரை இப்படி ஒரு திட்டம் நடந்தது. நிதி தீர்ந்ததும் ஆய்வு நின்றுபோனது. 1,800 பெட்டிகளில் ஆவணங்கள் ஒரு களஞ்சியத்தில் கிடந்தன. பல பத்தாண்டுகள் கழித்து ஈவ்லின் ஃபோர்ஜே என்ற பொருளியலாளர் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதுதான், அந்தக் காலத்தில் மருத்துவமனை அனுமதிகள் நூற்றுக்கு 8.5 குறைந்திருந்தது தெரிய வந்தது. அந்தத் தகவல் 1980இலேயே கையில் இருந்திருந்தால் அங்கே பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆகவே ஆய்வுக்குச் சிறிய தொகையைத் தனியே பூட்டி வையுங்கள், வேறெதற்கும் எடுக்காதீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது.

ஆட்சி மாறினால் நிறுத்திவிடுவார்களே?

ஒன்டாரியோவில் நடந்தது அதுதான். 2017இல் 4,000 பேரோடு மூன்று வருடத்துக்கென்று தொடங்கினார்கள். 2018 ஜூனில் ஆட்சி மாறியது, ஜூலைக் கடைசியில் நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2019 மார்ச்சில் கடைசிக் காசு. முழுவதும் அரசாங்கக் காசாக இருந்ததால் ஒரு கையொப்பம் போதுமாக இருந்தது. நாங்கள் மூன்று நான்கு வழிகளில் காசு எடுக்கச் சொல்வது இதனால்தான், ஒரு கால் முறிந்தாலும் மேசை நிற்க வேண்டும்.

பெயரும் முக்கியம். தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். உரிமை என்று சொன்னதைப் பறிப்பது கடினம். நிவாரணம் என்று சொன்னால் அடுத்த வருடம் இல்லாமல் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

24ஆவது மாதம் முடிந்த பிறகு?

நமீபியாவில் இரண்டு வருடம் முடிந்ததும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. 100இலிருந்து 80 ஆகக் குறைத்து, காசு திரட்ட முடிந்த காலம் வரை மேலும் கொடுத்தார்கள். நாங்களும் 24க்குப் பிறகு ஆறு மாதம் இறங்குபடியாகக் கொடுப்பதற்குக் கணக்குப் போட்டிருக்கிறோம்: இரண்டு மாதம் 7,500, இரண்டு மாதம் 5,000, இரண்டு மாதம் 2,500. 100 குடும்பத்துக்கு அது 30 இலட்சம். கையிருப்பாக வைத்த அதே 30 இலட்சம்தான், நடுவில் தொடாமல் இருந்தால் கடைசியில் இதற்கு உதவும்.

முதல் நாளிலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை கொடுப்போம். அதில் முப்பது கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மாதமும் தொகையும் அச்சிட்டிருக்கும், கடைசிக் கட்டத்தில் 2,500 என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தோடு சேர்த்து அந்தப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொள்ளும் அளவில்.

நான் கொடையாளி இல்லை, காசும் இல்லை. என்ன செய்யலாம்?

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் கேளுங்கள். சிங்களம் தெரிந்தவர்கள் தகுதி விளக்கத்தை மொழிபெயர்க்க வேண்டும், கணக்கு தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பேரேட்டைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் இப்போது ஆள் போதாமல் இருக்கிறது.